எழுபதைத் தொட்டா திக்குற வண்டி: மாத்துறதுக்கு முன்னாடி கண்டுபிடிங்க

மெக்கானிக்கல் படிக்கிறோம்னு ஊர்ல தெரிஞ்சா போதும், கல்யாண வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே ஒரு மாமா பக்கத்துல வந்து உட்கார்ந்திடுவார். "அம்பதுல நல்லாத்தான் போகுது தம்பி. எழுபதைத் தொட்டா திக்குது. என்னவா இருக்கும்?"

நம்மகிட்ட இதுக்கு ரெண்டு பதில்தான் உண்டு. ஒண்ணு, அசட்டுச் சிரிப்பு. இன்னொண்ணு, "ஃபில்டரை மாத்திப் பாருங்க மாமா." சிரிச்சுட்டுப் போறதால யாருக்கும் நஷ்டம் இல்லை. ரெண்டாவது பதிலுக்கு அவர் காசு செலவு பண்ணணும். ஃபில்டர்ல சரியாகலைன்னா அடுத்து நாசில், அதுக்கப்புறம் பம்ப்னு பில் ஏறிக்கிட்டே போகும். கடைசியில ஒரு ரப்பர் ஹோஸ்ல விழுந்த விரிசல்தான் காரணம்னு தெரிய வரும்போது அவர் ஒரு மாச வருமானத்தை விட்டிருப்பார்.

பாகம் மாத்துறது வேற, பழுது கண்டுபிடிக்கிறது வேற. நாலு வருஷம் படிச்சும் நமக்கு ரெண்டாவது வரலைன்னா, அந்தப் படிப்புல ஏதோ ஒண்ணு விட்டுப்போயிருக்கு. இதை ஒரு கேரவனை வச்சே பார்க்கலாம்.

ஏன் கேரவன்?

கேரவன்னதும் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். இப்போ பழைய வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணி டேங்க் எல்லாம் வச்சு ஊர் ஊரா சுத்துறவங்களும் இருக்காங்க. நம்ம பக்கத்துக்கும் வண்டிகளுக்குக் குறைவில்லை. மதுரையில இருந்து தூத்துக்குடி போற தேசிய நெடுஞ்சாலை 38 அருப்புக்கோட்டை வழியாத்தான் போகுது. ரமண மகரிஷி 1879-ல பிறந்த திருச்சுழி, அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்தான். திருவண்ணாமலைக்குப் போற பக்தர்கள்ல பலர் இங்கேயும் வந்து போறாங்க.

பழுது கண்டுபிடிக்கக் கத்துக்க கேரவனைவிட நல்ல வண்டி கிடைக்காது. கனம் அதிகம், உயரமும் அதிகம். வருஷத்துல பாதி நாள் ஓடாம நிக்கும். எல்லாத்துக்கும் மேல, கம்பெனி போட்ட வண்டியில யாரோ ஒருத்தர் பிற்பாடு கை வச்சிருப்பார்.

எழுபதுல அப்படி என்ன நடக்குது?

நாலு டன் எடையுள்ள ஒரு கேரவனை எடுத்துக்குவோம். முன்பக்கப் பரப்பு 5 சதுர மீட்டர், காற்று இழுவைக் குணகம் 0.55, டயர் உருளும் தடைக்குக் குணகம் 0.01, காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.15 கிலோன்னு வச்சுக்குங்க. காற்றுத் தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். அதைத் தாண்டத் தேவையான திறன், வேகத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்க: 50 கி.மீ. வேகத்துல சக்கரத்துக்குச் சுமார் 10 கிலோவாட் போதும். 100 கி.மீ.ல சுமார் 45 வேணும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா தேவை நாலரை மடங்கு ஆகுது. டீசலும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குலதான் போயாகணும்.

இப்போ மாமா சொன்னதை மறுபடி கேளுங்க. "அம்பதுல நல்லா போகுது, எழுபதுல திக்குது." பாதி அடைச்ச குழாய்ல ஒரு டம்ளர் பிடிக்க ஒரு சிரமமும் இல்லை, குடம் பிடிக்கும்போதுதான் அடைப்பு தெரியும். எஞ்சின் கெட்டுப் போச்சுன்னு இதுக்கு அர்த்தம் ஆகாது. எங்கேயோ ஒரு இடத்துல, கேட்கிற அளவுக்கு வந்து சேரலை. டீசல் வராம இருக்கலாம், காத்து வராம இருக்கலாம், இல்ல புகை வெளியேற வழி இல்லாம இருக்கலாம்.

இன்னொரு கணக்கும் பாருங்க. ஆடி மாசம் நம்ம பக்கம் மேல்காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். மணிக்கு 25 கி.மீ. வேகத்துல மேற்கே இருந்து காத்து அடிக்குதுன்னு வைங்க. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழிக்கு அதே கேரவன் 70-ல போனா காத்து முதுகைத் தள்ளும். 12 கிலோவாட் போதும். திரும்பி வரும்போது அதே 70-க்கு 29 கிலோவாட் ஆகும். ரோடும் அதே, வேகமும் அதே, தேவை மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல.

டிரைவர் வந்து, "போகும்போது ஒண்ணுமில்ல, வரும்போதுதான் இழுக்க மாட்டேங்குது"ன்னு சொன்னா, பல பேர் அவரை ஒரு மாதிரி பார்ப்பாங்க. அவர் சொன்னது மொத்த விசாரணையிலயும் உருப்படியான தகவல். கோளாறு வேகத்தால வரலை, சுமையாலதான் வருதுன்னு அவர் அதுலயே சொல்லிட்டார்.

முதல் கருவி காது

ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி ஓட்டுறவரை உட்கார வச்சுக் கேளுங்க. கிளம்பி எத்தனை நிமிஷத்துல வருது? டேங்க்ல டீசல் எவ்வளவு இருக்கும்போது வருது? வெயில் நேரத்துல மட்டுமா, காலையிலயுமா? ஓரங்கட்டி அஞ்சு நிமிஷம் நிறுத்தினா சரியாகுதா? புகை என்ன நிறம்? கடைசியா வண்டியில யார் என்ன வேலை பார்த்தாங்க?

அடுத்து, கோளாறு எதைத் தொடருதுன்னு பிரிக்கணும். வேகம், ஆர்.பி.எம்., சுமை மூணுமே ஒண்ணா ஏறும்போது எது குற்றவாளின்னு தெரியாது. அதனால ஒவ்வொண்ணா தனியாப் பார்க்கணும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரல்ல அதே ஆர்.பி.எம்.முக்குக் கொண்டு போங்க. அங்கேயும் திக்குனா அது ஆர்.பி.எம்.மைத் தொடருது, சென்சார், வயரிங், பம்ப் பக்கம் சந்தேகம் போகணும். திக்கலைன்னா ரோட்டுக்கு வாங்க. 45 கி.மீ. வேகத்துல ஒரு மேம்பாலத்து ஏத்தத்துல ஆக்சிலேட்டரை முழுசா அழுத்துங்க. அந்த 45-லயே திக்குனா அது சுமையைத் தொடருது. ரெண்டுலயும் திக்காம, 70-ல மட்டும், அதுவும் லேசா ஆக்சிலேட்டர் பிடிச்சிருக்கும்போது கூட உதறுனா, எஞ்சினை விட்டுட்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட், டயர், வீல் பக்கம் குனிஞ்சு பாருங்க. இந்தப் பரிசோதனை எதுக்கும் ஒரு பைசா செலவில்லை.

ஒரு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. ஓட்டுறவர் ரோட்டை மட்டும்தான் பார்க்கணும். குறிப்பு எடுக்க இன்னொருத்தர் வேணும். நாலுவழிச் சாலையில பின்னால லாரி வரும்போது திக்கி வேகம் குறையுற வண்டி உயிருக்கே ஆபத்து. ஹசார்ட் லைட்டைப் போட்டு, இடது ஓரம் முழுசா ஒதுங்கின பிறகுதான் மத்தது.

இந்த மண்ணுல என்ன தேடணும்?

சுமையாலதான்னு உறுதியாச்சுன்னா, விலை குறைஞ்ச இடத்துல இருந்து ஆரம்பிங்க.

டேங்க் மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ளே வரணும். அதுக்குன்னு இருக்கிற சின்னத் துளையில கரிசல் புழுதி அப்பிக்கிட்டா டேங்க்ல வெற்றிடம் உண்டாகும். இருபது நிமிஷம் நல்லா ஓடும், அப்புறம் திக்கும். நிறுத்தி மூடியைத் திறந்தா 'புஸ்'ஸுனு காத்தை உள்ளே இழுக்கும், வண்டி மறுபடி நல்லா ஓடும். அந்த 'புஸ்' கேட்டுச்சுன்னா விசாரணை பாதி முடிஞ்ச மாதிரி.

டேங்க்கின் அடி. நாள்கணக்குல நிக்கிற வண்டியில, பாதி காலியான டேங்க்ல ஈரம் படிஞ்சு தண்ணி சேரும். டீசலும் தண்ணியும் சேர்ற கோட்டுல நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழன்னு கசடு உண்டாகும். வேகமா உறிஞ்சும்போது கசடு வந்து வாயை அடைக்கும். நிறுத்துனா கீழே உட்கார்ந்துடும்.

ஹோஸும் கிளிப்பும். ஃபீட் பம்ப் எஞ்சின் பக்கம் இருக்கிற வண்டியில, டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் உள்ள லைன் உறிஞ்சுற லைன். அங்கே விரிசல் இருந்தா டீசல் வெளியே ஒழுகாது, காத்துதான் உள்ளே போகும். "எங்கேயும் லீக் இல்ல சார்"னு சொல்றது உண்மையாவே இருக்கும், கோளாறும் அங்கேயே இருக்கும். பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருந்தா நிலைமை தலைகீழ். லைன்ல அழுத்தம் இருக்கும், வெளியே ஒழுகும். அதனால பம்ப் எங்கே இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க.

கேரவனுக்கே உரிய இன்னொண்ணு இருக்கு: ஜெனரேட்டருக்காக எஞ்சினோட டீசல் லைன்லயே யாராவது டீ-ஜாயிண்ட் போட்டிருப்பாங்க. முறையா செஞ்ச வண்டியில ஜெனரேட்டருக்கு டேங்க்ல தனிக் குழாயே இருக்கும், அதுவும் எஞ்சின் குழாயைவிடக் கட்டையா இருக்கும். ஜெனரேட்டர் எவ்வளவு குடிச்சாலும் வீடு போய்ச் சேர டீசல் மிஞ்சணும்னு அப்படி வைப்பாங்க. டீ-ஜாயிண்ட் போட்டா அந்தப் பாதுகாப்பும் போச்சு, காத்து நுழைய ஒரு வழியும் கிடைச்சுது.

இதையெல்லாம் உறுதிப்படுத்த மூணு எளிய சோதனை. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவுல, குறைஞ்ச அழுத்தம் உள்ள பக்கத்துல, ஒரு அடி நீளத்துக்கு உள்ளே தெரியுற டீசல் டியூப் மாட்டுங்க. குமிழ் ஓடுனா காத்து. பம்ப்போட உறிஞ்சுற பக்கம் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டுங்க. சுமை ஏற ஏற முள்ளும் ஏறிக்கிட்டே போனா பின்னால எங்கேயோ அடைப்பு. மூணாவது, சுத்தமான டீசலை ஒரு கேன்ல ஊத்தி, கேபினுக்கு வெளியே நல்லா இறுக்கிக் கட்டி, அதுல இருந்து நேரா எஞ்சினுக்குக் கொடுத்துப் பாருங்க. திக்கல் போயிட்டா குற்றம் டேங்க் பக்கம், போகலைன்னா எஞ்சின் பக்கம். ஒரே சோதனையில சந்தேகம் பாதியாக் குறையும். பெட்ரோல் வண்டியில மட்டும் இந்தக் கேன் வேலை வேண்டவே வேண்டாம்.

புகையும் சாட்சி சொல்லும். பழைய டீசல் வண்டி கரும்புகை கக்கிக்கிட்டே இழுக்கலைன்னா டீசல் வருது, காத்துதான் பத்தலை. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்க. புகையே இல்லாம சக்தி மட்டும் குறைஞ்சா டீசல் பத்தலை. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டியில புகைத்தடுப்பு ஃபில்டர் இந்தச் சாட்சியை மறைச்சிடும், அதையும் ஞாபகத்துல வைங்க.

ஸ்கேனர் என்ன சொல்லுது, என்ன சொல்லலை?

"அதான் ஸ்கேனர் இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். மாட்டுவோம். பி0087-னு ஒரு கோடு வரும். அதோட அர்த்தம் 'ரெயில்ல எரிபொருள் அழுத்தம் குறைவு', அவ்வளவுதான். ஏன் குறைவுன்னு அது சொல்லாது. காய்ச்சல்மானி 102-ன்னு காட்டுறதும் இதுவும் ஒண்ணு. அதைப் பார்த்துட்டு ஹை-பிரஷர் பம்ப்பை மாத்துறது, காய்ச்சல்னு சொன்னதும் ஆபரேஷன் பண்ற மாதிரி.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. காமன் ரெயில் பம்ப்புக்கு எண்ணெய் மாதிரி வழுவழுப்பு கொடுக்கிறதே அது வழியா ஓடுற டீசல்தான். டீசல் பத்தாம காத்தோட ஓடுற பம்ப் தன்னைத் தானே தேய்ச்சுக்கும். ஹோஸைப் பார்க்காம புது பம்ப் போட்டா புது பம்ப்பும் அதே வழியில போகும்.

ஸ்கேனரைச் சரியா பயன்படுத்தணும்னா ஓடுற வண்டியில பாருங்க. கேட்ட அழுத்தம் ஒரு கோடு, கிடைச்ச அழுத்தம் இன்னொரு கோடு. ரெண்டும் எந்தச் சுமையில பிரியுதுன்னு பாருங்க. ஷெட்டுல நின்னுக்கிட்டு இருக்கிற வண்டியில அந்த ரெண்டு கோடும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கிட்டேதான் போகும்.

நின்னதும் மறையுற சாட்சி

இந்த வகைக் கோளாறுல பெரிய சிக்கலே இதுதான்: வண்டி நின்னதும் தடயம் மறைஞ்சிடும். அடைப்பு விலகிடும், ஹோஸ் பழைய வடிவத்துக்கு வந்திடும். இதே சிக்கல் ஒரு விமானத்துக்கும் வந்திருக்கு.

2008 ஜனவரி 17. பெய்ஜிங்ல இருந்து 152 பேரோட வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, லண்டன் ஹீத்ரோவுல இறங்கக் கொஞ்ச தூரமே இருக்கும்போது, கூடுதல் உந்துவிசை கேட்டதுக்கு ரெண்டு எஞ்சினும் கொடுக்கலை. ஓடுபாதைக்கு முன்னாலயே புல்தரையில போய் விழுந்துச்சு. நல்லவேளையா யாரும் சாகலை. விசாரிச்சவங்க பார்த்தப்போ டேங்க்ல எரிபொருள் இருந்துச்சு, தரமும் சரி, எஞ்சின்லயும் கோளாறு இல்லை. ஒரே ஒரு தடயம்: ரெண்டு எஞ்சினோட ஹை-பிரஷர் பம்ப்லயும் புதுசா அரிச்ச அடையாளம். எரிபொருள் பத்தாம ஓடுனா பம்ப்ல அப்படித்தான் ஆகும்.

அவங்க பம்ப்பைக் குற்றவாளி ஆக்கலை, சாட்சியா எடுத்துக்கிட்டாங்க. பம்ப்புக்குப் பின்னால எங்கேயோ அடைப்புன்னு தேடி, மாசக்கணக்கா சோதனை பண்ணினாங்க. கடுங்குளிர்ல மணிக்கணக்கா மெதுவா ஓடின எரிபொருள்ல இருந்த துளித் தண்ணி குழாய்க்குள்ள பனியாப் படிஞ்சு, இறங்கும்போது ஓட்டம் கூடினதும் மொத்தமா பேர்த்துக்கிட்டு வந்து, எரிபொருளைச் சூடாக்குற கருவியோட முகப்பை அடைச்சிருக்கணும்னு முடிவுக்கு வந்தாங்க. அந்தப் பனி உருகிப் போச்சு, கையில சாட்சி இல்லை. அதே வருஷம் நவம்பர்ல அமெரிக்காவுக்கு மேல பறந்த இன்னொரு 777-ல ஒரு எஞ்சினுக்கு இதே மாதிரி ஆகி, விமானி விசையைக் குறைச்சதும் சரியாகி, அந்தக் கணக்கை உறுதிப்படுத்துச்சு. தீர்வு? அந்தக் கருவியோட முகப்புல கொஞ்சம் துருத்திக்கிட்டு இருந்த சின்னக் குழாய்களை மட்டமா ஆக்கினாங்க. புது எஞ்சின் எதுவும் தேவைப்படலை.

ஆளில்லா இடத்துல திக்குற கேரவனுக்கும் அந்த விமானத்துக்கும் கணக்கு ஒண்ணுதான். குறைஞ்ச தேவையில நல்லா ஓடும், கூடுதலா கேட்கும்போது கை விரிக்கும், நின்னா தடயம் இருக்காது. அந்த நிலைமையை மறுபடி உண்டாக்கிப் பார்க்காம யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

மாத்திப் பார்க்கிறதுல தப்பே இல்லையா?

ஷெட்டு வச்சிருக்கிற அண்ணன்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. "தம்பி, வாசல்ல நாலு வண்டி நிக்குது. நீ கேஜ் மாட்டி வேக்குவம் பார்த்துக்கிட்டு இருப்பியா? ஃபில்டர் இருநூறு, முந்நூறு. மாத்திட்டு அனுப்பிடலாம்."

ஃபில்டர் வரைக்கும் நானும் அவர் கட்சி. அது காலாகாலத்துல மாத்த வேண்டிய பொருள்தான். நல்லா ஓடுற பாகத்தைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்து, மாற்றம் இல்லைன்னா கழட்டித் திருப்பிக் கொடுக்கிறதும் ஒரு சோதனைதான். மாட்டினதைக் கழட்டாம, "இதுவும் போயிருந்துச்சு"ன்னு பில் போடும்போதுதான் தப்பு ஆரம்பிக்குது. யூகிக்கிறது நாம, பணம் கட்டுறது இன்னொருத்தர். வண்டிக்கு மாசாமாசம் டியூ கட்டுறவருக்கு அது சின்ன விஷயம் கிடையாது.

நம்ம லேப்ல நோயாளி எஞ்சின் எங்கே?

கடைசியா, நம்ம வீட்டுக் கதைக்கு வர்றேன். தெர்மல் லேப்ல என்ன பண்ணுறோம்? வால்வு டைமிங், லோட் டெஸ்ட், ஹீட் பேலன்ஸ், மோர்ஸ் டெஸ்ட். மோர்ஸ் டெஸ்ட்ல ஒவ்வொரு சிலிண்டரா நிறுத்தி, திறன் எவ்வளவு குறையுதுன்னு பார்க்கிறோம். ரெக்கார்ட் நோட்டுல கிராஃப் போட்டு கையெழுத்து வாங்கிட்டு மறந்துடுறோம்.

அதே வேலையை ரோட்டோர டீசல் மெக்கானிக் காலங்காலமா செய்றார். பழைய பம்ப் வண்டியில ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் லேசா தளர்த்துவார். எதைத் தளர்த்தினா எஞ்சின் சத்தம் மாறலையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யலை. அவருக்கு அந்தப் பேர் தெரியாது, நமக்குப் பேர் மட்டும் தெரியும். (காமன் ரெயில் வண்டியில இதை யாரும் முயற்சி பண்ணாதீங்க. கார் டயர்ல இருக்கிறது ரெண்டு பார் சொச்சம். ரெயில்ல 1,600 பாருக்கும் மேல போகும். பீச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும்.)

நம்ம லேப்ல நிக்கிற எஞ்சின் எப்பவும் ஆரோக்கியமா இருக்கு. நோயாளியையே பார்க்காம டாக்டர் ஆகுற ஒரே படிப்பு நம்மளுது. அதனால ஒரு கோரிக்கை. செமஸ்டருக்கு ஒரு தடவை ஆசிரியர் எஞ்சின்ல ஒரு கோளாறை ஒளிச்சு வைக்கட்டும். ஒரு கிளிப்பைத் தளர்த்தலாம், டீசல் வால்வைப் பாதி மூடலாம், டேங்க் மூடித் துளையை அடைக்கலாம். மாணவர் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால, "இப்படி வந்தா இது காரணம், அப்படி வந்தா அது காரணம்"னு எழுதிட்டுத்தான் கை வைக்கணும். எத்தனை சோதனையில கண்டுபிடிச்சார்னு மார்க் போடட்டும். தேவையில்லாம மாத்தின ஒவ்வொரு பாகத்துக்கும் மார்க்கைக் குறைக்கட்டும். இதுக்குப் புது மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை. லேப்ல இருக்கிற எஞ்சினும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும்.

அது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை யாராவது "எழுபதைத் தொட்டா திக்குது தம்பி"ன்னு வந்தா, ஃபில்டர் பேரைச் சொல்லாதீங்க. "திருச்சுழி போகும்போதா, வரும்போதா மாமா?"ன்னு கேளுங்க. அவர் யோசிச்சுப் பதில் சொல்லும்போதே உங்க வேலை ஆரம்பிச்சாச்சு.